படுக்கையில் விழுந்தவருக்கு அபராதமா?

காய்ச்சல் நாள் பார்த்து வருவது இல்லை. ஆனால் ரெயில் டிக்கெட்டுக்கு நாள் உண்டு. கல்யாண மண்டபத்துக்கு நாள் உண்டு. சுற்றுலா வேனுக்கும் நாள் உண்டு. அந்த நாளில் பணம் கட்டியவர் நோயில் படுத்து விட்டால், கட்டிய பணம் என்ன ஆகும்?

ஒரு பகுதியைப் பிடித்துக் கொள்கிறார்கள். சில இடங்களில் முழுப் பணத்தையும் பிடித்துக் கொள்கிறார்கள். அதற்கு "ரத்துக் கட்டணம்" என்று பெயர்.

இது நியாயமா? "நான் வேண்டுமென்றா படுத்தேன்?" என்று நோயாளி கேட்கிறார். "நான் மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும்?" என்று வியாபாரி கேட்கிறார். இரண்டு கேள்வியும் நல்ல கேள்விதான். இரண்டுக்கும் பதில் சொல்லும் முறை ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு ஊரில் ரெயில், ஒரு ஊரில் பஸ்

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் திருச்சி மாவட்டத்தில் இருந்த ஊர்கள். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்தது. 2002-ல் மறுபடியும் சேர்ந்தது. 2007-ல் மீண்டும் தனி மாவட்டம் ஆகி விட்டது.

அரியலூரில் ரெயில் உண்டு. விழுப்புரத்தில் இருந்து திருச்சிக்குப் போகும் பாதையில் அந்த ஊர் இருக்கிறது. பெரம்பலூர் நகரத்துக்கு ரெயில் கிடையாது. அந்த ஊர்க்காரர் ரெயில் ஏற வேண்டும் என்றால் அரியலூருக்குப் போக வேண்டும். அல்லது திருச்சிக்குப் போக வேண்டும்.

அரியலூரில் 2022-ல் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதனால் சிகிச்சை வசதி கூடியிருக்கிறது. ஆனாலும் பெரிய வியாதி என்றால் திருச்சிக்கும், தஞ்சாவூருக்கும், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும், சென்னைக்கும் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நோயும் பிரயாணமும் சேர்ந்தே வருகின்றன. ரத்துக் கட்டணம் என்பது அவர்களுக்கு யாரோ பணக்காரருடைய பிரச்சினை அல்ல.

கடிகாரம் தெரியும், காய்ச்சல் தெரியாது

ரத்துக் கட்டணம் வாங்குவதில் நாட்டிலேயே பெரிய நிறுவனம் எது? ரெயில்வேதான். அதன் முறையை முதலில் பார்ப்போம்.

2015-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி அமுலுக்கு வந்த விதிகள் இப்படிக் கணக்குப் போட்டன:

உறுதியான டிக்கெட்டை, வண்டி புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால், ஒரு ஆளுக்கு ஒரு தொகை பிடிக்கப்படும். இரண்டாம் வகுப்புக்கு ரூ.60. படுக்கை வகுப்புக்கு ரூ.120. மூன்றடுக்கு ஏ.சி.க்கு ரூ.180.

48 மணியில் இருந்து 12 மணி வரை என்றால், கட்டணத்தில் கால் பங்கு போகும். 12 மணியில் இருந்து 4 மணி வரை என்றால், பாதி போகும். இந்த இரண்டிலும், மேலே சொன்ன தொகைக்குக் குறையாமல் பிடிப்பார்கள். அதன் பிறகு ரத்து செய்தால்? ஒன்றும் திரும்பாது.

இந்த மணிக் கணக்கை அரசாங்கம் அவ்வப்போது மாற்றலாம். டிக்கெட் எடுக்கும்போதே அன்றைய விதியைப் பார்த்துக் கொள்வது நல்லது. ஆனால் முறையின் அடிப்படை ஒன்றுதான். அது கடிகாரத்தைப் பார்க்கிறது. காய்ச்சலைப் பார்ப்பது இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளிக்கு ரெயில்வே இரக்கம் காட்டாமல் இல்லை. புற்று நோயாளி சிகிச்சைக்காகப் போனால், படுக்கை வகுப்பில் அவருக்குக் கட்டணமே கிடையாது. காசநோயாளிக்கும், சிறுநீரக நோயாளிக்கும், இருதய ஆபரேஷனுக்குப் போகிறவருக்கும் சலுகை உண்டு.

அதாவது, நோயோடு வண்டி ஏறினால் சலுகை! நோயினால் வண்டி ஏற முடியாமல் போனால் பிடித்தம்!

குறைந்த தூரத்துக்கு அதிக அடி

ஒரு உதாரணம் பார்ப்போம்.

அரியலூரில் இருந்து நான்கு பேர் படுக்கை வகுப்பில் போக டிக்கெட் எடுக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ரூ.200 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் ரூ.800. மூன்று நாளைக்கு முன்பே வீட்டுப் பெரியவர் படுத்து விட்டார். உடனே ரத்து செய்கிறார்கள். ஒரு ஆளுக்கு ரூ.120 வீதம் ரூ.480 போய் விடும். கைக்கு வருவது ரூ.320.

டெல்லிக்குப் போகிறவர் ஒருவர் அதே படுக்கை வகுப்பில் ரூ.800 கொடுத்து டிக்கெட் எடுத்தார் என்று வைத்துக் கொள்வோம். அவரும் மூன்று நாளைக்கு முன்பே ரத்து செய்கிறார். அவருக்குப் போவது ரூ.120 மட்டுமே.

அவர் 100-க்கு 15 இழக்கிறார். அரியலூர்க் குடும்பம் 100-க்கு 60 இழக்கிறது! இருவரும் ஒரே நேரத்தில்தான் சொன்னார்கள். இருவரும் ஒரே வகுப்புதான். குறைந்த தூரம் போகிறவருக்கு அடி பலமாக விழுகிறது.

சின்ன ஊர்க்காரரைத் துன்புறுத்த யாரும் இப்படித் திட்டம் போடவில்லை. ஆனால் விளைவு அப்படி ஆகி விட்டது.

ரெயில்வேயின் பக்கம்

ரெயில்வேயின் பக்கத்திலும் நியாயம் உண்டு.

கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம் என்றால் என்ன நடக்கும்? இடைத்தரகர்கள் நூறு டிக்கெட்டை வாங்கி வைப்பார்கள். விலை போகாததைக் கடைசி நேரத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். உண்மையாகப் போக வேண்டியவர் காத்திருப்போர் பட்டியலில் நிற்பார். இந்த ஆட்டத்தை ஒடுக்கத்தான் 2015-ல் கட்டணம் உயர்த்தப்பட்டது.

இன்னொரு நல்ல விதியும் ரெயில்வேயிடம் உண்டு. தன்னால் போக முடியவில்லை என்றால், அதே டிக்கெட்டைத் தந்தை, தாய், சகோதரர், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி ஆகியோரில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியவே தெரியாது!

ஆனால் இரவில் நெஞ்சு வலி வந்து, காலையில் வண்டி என்றால் 24 மணி நேரத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. நோயாளி விட்டுக் கொடுத்த இடம் என்ன ஆகிறது? பயணிகள் பட்டியல் தயாராகும் முன்பு ரத்து செய்தால், அது காத்திருப்பவருக்குப் போகிறது. அவர் முழுக் கட்டணம் கொடுத்திருக்கிறார். இடம் காலியாகப் போகவில்லை. பிறகு நஷ்டம் எங்கே? ஒரே இடத்துக்கு ஒரு முழுக் கட்டணமும், இன்னொரு ஆளிடம் பிடித்த பணமும் சேர்ந்து வருகிறது.

இடம் காலியாகப் போனால் விஷயம் வேறு. அப்போது ரெயில்வே கேட்பது நஷ்ட ஈடு. இடம் நிரம்பிய பிறகும் பிடித்தால், அது லாபம்.

நோயாளியிடம் நஷ்டத்தைக் கேட்கலாம். லாபத்தைக் கேட்கலாமா?

மேளக்காரரின் வயிறு

ரெயில்வே பெரிய நிறுவனம். ரூ.120 இல்லாமல் போனால் அதன் அடுப்பு அணைந்து விடாது. மேளக்காரருக்கு அப்படி அல்ல.

முகூர்த்த நாள் என்பது வருஷத்தில் சில நாள்தான். அந்த நாளுக்கு ஒரு வீட்டில் அச்சாரம் வாங்கியவர், வேறு ஊரில் இருந்து வந்த அழைப்பை விட்டு விட்டிருப்பார். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் தகப்பனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்து விட்டார்கள். கல்யாணம் தள்ளிப் போகிறது. அந்த வீட்டுக்காரர் மேல் தப்பு இல்லை. மேளக்காரர் மேலும் தப்பு இல்லை. ஆனால் அவருடைய அன்றைய கூலி போயிற்று. போன முகூர்த்தத்தை அவர் யாரிடம் விற்பது?

சமையல்காரரைப் பாருங்கள். அவர் காய்கறிக்குச் சொல்லி விட்டார். கூட வரும் ஆட்களுக்கு முன்பணம் கொடுத்து விட்டார். வேன்காரரைப் பாருங்கள். திருப்பதிக்கோ சபரிமலைக்கோ போக, வேறு மாநிலத்து பர்மிட்டுக்குப் பணம் கட்டி விட்டார். அந்தச் செலவையும் அவர்கள் தலையிலேயே போடுவது தர்மம் ஆகாது.

கல்யாண மண்டபத்தில் இன்னொரு விதம். வைகாசி முகூர்த்தத்துக்கு வாங்கிய மண்டபத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே விட்டுக் கொடுத்தால், வேறு வீட்டார் வந்து விடுவார்கள். மண்டபக்காரருக்கு நஷ்டம் இல்லை. இரண்டு நாளைக்கு முன்பு விட்டுக் கொடுத்தால் யாரும் வர மாட்டார்கள். அப்போது நஷ்டம் உண்மை. ஆனாலும் அது முழு வாடகை ஆகுமா? மின்சாரம் எரியவில்லை. தண்ணீர் செலவாகவில்லை. கூட்டிப் பெருக்க ஆள் வேண்டியது இல்லை. மிச்சமான செலவைக் கழிக்க வேண்டும் அல்லவா?

"அச்சாரம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ஒரே வரியில் ரசீதில் அச்சடித்து விட்டால், இந்தக் கணக்கு எல்லாம் மறைந்து விடுகிறது. அந்த ஒரு வரிதான் தகராறுக்கு வேர்.

உருளைக்கிழங்கு வழக்கு

இந்த விஷயத்தில் சட்டம் ஊமையாக இல்லை.

1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இன்னும் அமுலில் இருக்கிறது. அதன் 74-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு பணம் தர வேண்டும் என்று எழுதியிருந்தாலும், எழுதியது முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி விட முடியாது. எழுதிய தொகை உச்ச வரம்பு. அதற்கு உட்பட்டு, நியாயமான ஈடுதான் கிடைக்கும்.

1969-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மவுலா பக்ஸ் என்பவர் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீனும் சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்தார். ஒன்றுக்கு ரூ.10 ஆயிரமும், மற்றதற்கு ரூ.8,500-ம் டெபாசிட் கட்டினார். சரியாகச் சப்ளை செய்யவில்லை. அரசாங்கம் ஒப்பந்தத்தை ரத்து செய்து, டெபாசிட்டைப் பறிமுதல் செய்து விட்டது.

அவர் கோர்ட்டுக்குப் போனார். தவறு அவருடையதுதான். இருந்தும் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது? "உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று காட்டியிருக்கலாமே! ஏன் காட்டவில்லை?" என்பதே தீர்ப்பின் சாரம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று.

நியாயமான அச்சாரத்தைப் பிடித்துக் கொள்வது வேறு, அபராதம் வேறு என்பதையும் அந்தத் தீர்ப்பு ஒப்புக் கொண்டது. ஆகவே "அச்சாரம்" என்று பெயர் வைத்து விட்டால் மட்டும் போதாது. தொகையும் நியாயமாக இருக்க வேண்டும்.

தவறு செய்த காண்டிராக்டருக்கே இந்த நியாயம் உண்டு. தவறே செய்யாமல் நோயில் படுத்தவருக்கு இல்லையா?

ரூ.5 ஆயிரத்துக்கு சென்னையா?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அந்தச் சட்டம் 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது. உண்டான நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதத்தை வாடிக்கைக்காரர் மேல் சுமத்தினால், அது "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அதில் எழுதியிருக்கிறது.

நல்ல சட்டம். ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. சேவையில் குறை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வழக்குப் போட வேண்டும் என்றால், மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

அரியலூர்க்காரர் ஒருவர் ரூ.5 ஆயிரம் அச்சாரத்தை இழந்து விட்டார். அதை வாங்க சென்னையில் வழக்கு நடத்துவாரா? இணையம் வழியாக மனுச் செய்யும் வசதி வந்திருக்கிறது. ஆனாலும் "போனது போகட்டும்" என்றுதான் பலர் இருந்து விடுவார்கள். இந்த அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்கும் கொடுத்தால், சின்ன ஊர்க்காரருக்குச் சட்டம் பக்கத்தில் வரும்.

அதுவரை மற்ற வழிகள் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். சேவைக் குறை உள்ள வழக்கை மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் தொடர வேண்டும். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

ஐரோப்பிய நாடுகள் 2015-ல் சுற்றுலாப் பயணங்களுக்கு ஒரு பொதுச் சட்டம் செய்தன. பயணி ரத்து செய்தால், சுற்றுலாக் கம்பெனி நியாயமான கட்டணம் வாங்கலாம். ஆனால் கம்பெனிக்கு மிச்சமான செலவையும், அதே இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்து வந்த வருமானத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தான் போக முடியாதவர், ஏழு நாளைக்கு முன்பு சொல்லி, இன்னொருவரைத் தன் இடத்தில் அனுப்பலாம்.

நம் நாட்டிலும் காற்று மாறுகிறது. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் தனியார் பயிற்சி நிலையங்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் நடுவில் விலகினால், மீதி நாட்களுக்கு உரிய பணத்தை 10 நாளில் திருப்ப வேண்டும் என்று அது சொல்கிறது.

2025 நவம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. மருத்துவ அவசரத்தினால் டிக்கெட்டை ரத்து செய்தால், விமானக் கம்பெனி பணத்தைத் திருப்பலாம் அல்லது பிறகு பயன்படுத்தும்படி வரவு வைக்கலாம் என்பது அதில் ஒரு யோசனை. விமானத்தில் பறப்பவரின் காய்ச்சலைப் பற்றி அரசாங்கம் யோசிக்கிறது. படுக்கை வகுப்பில் போகிறவரின் காய்ச்சலும் காய்ச்சல்தானே?

என்ன செய்யலாம்?

முதலாவது, ரத்துக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும். ரசீதில் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சடிக்க வேண்டும். எத்தனை நாளைக்கு முன்பு சொன்னால் எவ்வளவு திரும்பும் என்ற விவரம் வேண்டும்.

இரண்டாவது, ரத்துக்குப் பதிலாகத் தள்ளிப் போட வழி கொடுக்க வேண்டும். மண்டபக்காரருக்கும் மேளக்காரருக்கும் வேலை போகாது. வாடிக்கைக்காரருக்குப் பணம் போகாது.

மூன்றாவது, அந்த இடமோ நாளோ வேறு ஆளுக்குப் போய் விட்டால், எழுத்துச் செலவை மட்டும் எடுத்துக் கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும்.

நான்காவது, போகாவிட்டால், உண்மையாக ஆன செலவையும் ஆட்களின் கூலியையும் எடுத்துக் கொள்ளலாம். கூலிக்காரரின் பணத்தில் கை வைத்து நோயாளிக்கு இரக்கம் காட்ட வேண்டியது இல்லை.

ஐந்தாவது, ரெயில்வே போன்ற பெரிய நிறுவனங்கள், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவருக்குத் தனி விதி செய்ய வேண்டும். சாட்சிக்கு அரசாங்க ஆஸ்பத்திரிச் சீட்டுப் போதும். பிடிக்கும் தொகையும் கட்டணத்தில் இத்தனை பங்கு என்று இருந்தால், குறைந்த தூரம் போகிறவருக்கு அநியாயம் நடக்காது.

வாடிக்கைக்காரருக்கும் கடமை உண்டு

உரிமை கேட்கிறவர் கடமையை மறக்கக் கூடாது.

படுத்த உடனே சொல்ல வேண்டும். "நாளைக்குச் சரியாகி விடும்" என்று நான்கு நாள் காத்திருந்து, ஐந்தாம் நாள் சொன்னால் எதிராளிக்கு வழியே இல்லாமல் போகும். ஒரு போன் பேசுவதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் மேளக்காரருக்கு வேறு கல்யாணம் கிடைக்கலாம். காத்திருக்கும் ஒரு பிரயாணிக்கு இடம் கிடைக்கலாம்.

பொய்க் காய்ச்சலும் ஆகாது. வேறு மண்டபம் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்குகிறவர், உண்மையான நோயாளிகள் அத்தனை பேர் மேலும் சந்தேகத்தை ஏற்றி விடுகிறார். வியாபாரி கதவை மூடுவதற்கு அவரே காரணம்.

நோய் யாருக்கும் வரும். இன்று பணம் பிடிக்கும் மண்டபக்காரர் நாளைக்குப் படுக்கலாம். அப்போது அவரும் யாரோ ஒருவரிடம் கொடுத்த அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டு நிற்பார். நஷ்டத்துக்கு ஈடு வாங்குவது வியாபாரம். நோயைக் காட்டி லாபம் பார்ப்பது வியாபாரம் ஆகாது.